பேத்தி கைய ஆட்டணும், நீரு இல்ல மருமகனே!

மருமகனே, பெட்டியப் பிரிச்சு டிவிக்கு முன்னால வச்சு நீரு ஆடுன ஆட்டத்தைத் திண்ணையில இருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன். பழம் வெட்டுத விளையாட்டாம்லா! கைய வீச வீச ‘சர்ரக் சர்ரக்’னு சத்தம். வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு மாம்பழம், தர்ப்பூசணி, அன்னாசின்னு ஒண்ணையும் விடல நீரு. பேத்தி பக்கத்துல உக்காந்து கை தட்டுனா. எப்பிடித் தட்டுனான்னு பாத்தீரா? இடது கை மடியில போட்டது போட்டபடி கெடந்துது. வலது கை வந்து அது மேல தட்டிட்டுப் போச்சு. ஆக, கை சரியில்லாதது பிள்ளைக்கு, வைத்தியம் நடந்தது அப்பனுக்கு. இப்பம் தோள்பட்டை எப்பிடி இருக்கு, தேவலையா?

கோவப்படாதீரும். நீரு நெனச்சது சரிதான். ஒடம்பு அசைஞ்சா சத்தம் வரணும், சத்தம் வந்தா ஒடம்பு திரும்ப அசையும். இதை எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். தலை நரைக்கிற மட்டும் நையாண்டி மேளத்துல தவில் அடிச்சவன் நான். கரகம் ஆடுதவ கால எடுத்து வைக்கா. அந்தக் கால் தரையில விழுத அதே நேரத்துல என் அடி விழணும். முந்தி விழுந்தா நான் இழுக்க இழுக்க அவ வருதா. பிந்தி விழுந்தா அவ ஒரு ஊர்ல ஆடுதா, நான் ஒரு ஊர்ல அடிக்கேன். சரியா விழுந்துச்சுன்னு வையும், அவ கால்ல இருந்தே சத்தம் கெளம்புதுன்னு அவளுக்கே தோணிரும். தோணிட்டா விடிய விடிய ஆடுவா, காசு கூட பேசுனதுக்கு மேல கேக்க மாட்டா. பேத்திக்கும் அது தோணணும். ‘எங்கையில இருந்து சத்தம் வருது’ன்னு தோணணும். நீரு வாங்குன பெட்டி, நீரு இறக்குன ஆப்பு எல்லாம் அந்த ஒரு நெனப்பை உண்டாக்குதான்னு பாரும். உண்டாக்கலைன்னா அது வெறும் விளையாட்டுச் சாமான்.

இந்த வித்தை நேத்து வந்ததுன்னு நெனச்சுக்கிடாதீரும். எழுந்து தத்தக்கா பித்தக்கான்னு நடக்குத பிள்ளைக்கு மணி வச்ச கொலுசு போடுதோம். பிள்ள எங்க போவுதுன்னு பெத்தவளுக்குத் தெரியன்னு சொல்லுவாவ. பிள்ளைக்கு அதுவா கணக்கு? கால் வச்சா ‘ஜல்’லுங்குது, இன்னொருக்க வச்சா இன்னொருக்க ‘ஜல்’லுங்குது, அதுக்காகவே வாசலைத் தாண்டி ஓடும். வெளிநாட்டுக் கதையும் சொல்லுதேன், கேளும். 1920 வாக்குல ருசியாவுல தெரமின்னு ஒருத்தர், தொடாமலே வாசிக்கிற கருவி ஒண்ணு செஞ்சார். கைய அந்தரத்துல ஆட்டுனா பாட்டு வரும். பெறகு எட்வர்ட் வில்லியம்ஸ்னு ஒரு இங்கிலீஷ்காரர். பிபிசி 1979-ல காட்டுன ‘லைஃப் ஆன் எர்த்’துக்கு இசை போட்டவர். நம்ம காதுக்குக் கேளாத ஒலிய முன்னால வீசி, அது யார் மேல பட்டுத் திரும்புதுன்னு தூரத்தைக் கணக்குப் பண்ணி, அந்தத் தூரத்தைச் சுரமா மாத்துத கருவியச் செஞ்சார். பேரு சவுண்ட்பீம். நாட்டியக்காரங்களுக்குன்னுதான் யோசிச்சாரு. கை கால் வழங்காத பிள்ளைகளோட பள்ளிக்கூடத்து வாத்திமாரு அதைப் பிடுங்கிக்கிட்டாவ. ஏன்னா, அது வீசுத தூரத்தைச் சுருக்கி வச்சா ஒரு விரல் அசைவுக்குள்ளயே ச-வுல இருந்து ச வரைக்கும் வாசிச்சிரலாம். அந்தச் சங்கதி முக்கியம், மனசுல வையும்.

அதுக்கப்புறம்தான் 2006-ல வீ, 2010-ல கினெக்ட்டுன்னு விளையாட்டுப் பெட்டிக வந்துது. ஆஸ்பத்திரிகள்ல பிசியோதெரபிக்காரங்க ஓடி ஓடி வாங்கிப் போட்டாவ. போட்ட பெறகுதான் தெரிஞ்சுது, அதுல இருக்கிற விளையாட்டெல்லாம் துள்ளித் திரியுத பிள்ளைகளுக்குச் செஞ்சது. நம்ம பிள்ள கைய எடுக்கும் முன்ன பந்து போயிரும், ‘தோத்துட்டே’ன்னு பெட்டி ஊளையிடும். நீரு பழைய விலைக்கு மலிவா வந்துதுன்னு தூக்கிட்டு வந்திருக்கீரே, கினெக்ட்டுங்கிற அந்தக் கறுப்புக் கண்ணாடிப் பட்டை, அதைச் செய்றதை 2017-லயே நிப்பாட்டிட்டான். என்ன முழிக்கீரு? பேரன் போன்ல படிச்சுக் காட்டுனான். வித்தவன் இதைச் சொல்லலையா? சொல்ல மாட்டான், அவனும் பொழைக்கணும்லா.

சரி, பிள்ளையோட கைக்கு வருவோம். மூளையில வலது பக்கம் அடிபட்டா இடது கை கால் வழங்காது, அது ஊருக்கே தெரியும். தெரியாத சங்கதி ஒண்ணு இருக்கு. பேத்தியோட இடது கையால செய்ய முடிஞ்சதுல பாதியக்கூட அவ செய்யதில்ல. வலது கை வெரசலா இருக்கு, அதுவே ஓடி ஓடிச் செஞ்சிருது, இடதுக்கு வேலை வரதில்ல. அமெரிக்காவுல எட்வர்ட் டௌப்னு ஒருத்தர் குரங்குகள வச்சு இதைக் கண்டுபிடிச்சார். நல்ல கையக் கட்டிப்போட்டா, செத்துதுன்னு நெனச்ச கை எழுந்து தீனி எடுக்குது! அதை வச்சுத்தான் தெரபியில நல்ல கைக்கு உறை மாட்டி விடுதாவ. நீரு இதைக் கேட்டதும் அவ வலது கையத் துண்டால கட்டப் போயிராதீரும். எந்தப் பிள்ளைக்கு, எத்தனை நேரம்னு தெரபி பாக்க வருத பிள்ள சொல்லணும். கட்டுன கையோட பிள்ள தடுக்கி விழுந்தா ஊன்றதுக்குக் கை இருக்காது. நீரு செய்ய வேண்டியது, இடது கை அசைஞ்சா மட்டும் சத்தம் வருத மாதிரி விளையாட்டை அமைக்கது. கட்டே வேண்டாம், அந்தக் கைக்கு வேலை தானா வந்திரும்.

அந்தச் சத்தம் எப்பம் வருதுங்கிறதுலதான் நீரு கோட்டை விட்டிருக்கீரு. கம்பி இல்லாத ஸ்பீக்கர் ஒண்ணு வாங்கி ஜன்னல்ல வச்சிருக்கீரே, கும்முன்னு கேக்குது, தெருவே ஆடுது. ஆனா பேத்தி கைய எடுத்துக் கீழ போட்ட பெறகுல்லா மணி அடிக்கி! உமக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தவில்காரன் காதுக்கு அது கல்லு விழுந்த கணக்கு. ப்ளூடூத்துன்னா சத்தத்தைப் பொதிஞ்சு அனுப்பி அங்கன போய்ப் பிரிக்கணும், நொடியில பத்துல ஒரு பங்கு, ரெண்டு பங்கு அதுலயே போயிரும். சினிமா பாக்கையில படத்தையும் சேத்துப் பிந்தவிட்டு சரிக்கட்டிருவான். பிள்ள கையப் பிந்தவிட முடியுமாவே? டிவியும் படத்தை அழகு பண்ணுதேன்னு கொஞ்சம் நேரம் தின்னும். அதுல ‘கேம் மோடு’ன்னு ஒண்ணு இருந்தா அதைப் போடும். ஸ்பீக்கர் வேணும்னா கம்பி போட்டு மாட்டும், இல்லைன்னா போன்லயே கேக்கட்டும். சத்தம் சின்னதா இருந்தாப் பரவாயில்ல, கையோட வரணும்.

பெட்டி போச்சுன்னு கவலைப்படாதீரும், இப்பம் போன் கேமராவே போதும். பிள்ள ஒடம்புல தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்புன்னு புள்ளி குத்திக் கணக்குப் பாக்குதாம். கூகுள்காரன் வச்சிருக்கிற ஒண்ணுல 33 புள்ளி. ஆனா அந்தக் கண்ணுக்குத் தெரியணும்னா வெளிச்சம் பிள்ள முகத்துல அடிக்கணும். நீரு பிள்ளைய ஜன்னலுக்கு முதுகு காட்டி நிறுத்துனா அவ கறுப்பா நிழலாத் தெரிவா, புள்ளி எங்கன குத்த? அவ தொளதொளன்னு பாவாடை கட்டியிருந்தா இடுப்பு எதுன்னு தெரியாது. போனைக் கையில பிடிக்காதீரும், ஸ்டூல் மேல நிறுத்தி ஆறேழு அடி தள்ளி வையும். அப்புறம், உம்ம அம்ம அடுக்களைக்கும் திண்ணைக்கும் நடக்குத பாதைய மறிச்சு வைக்காதீரும். முந்தாநேத்து எந்தங்கச்சி மோர்ச் செம்பைத் தூக்கிக்கிட்டு பின்னால போனா. டிங் டிங்குன்னு மணி அடிச்சு, பூ மழை பொழிஞ்சு, ‘அருமை’ன்னு போன் பாராட்டுச்சு. அவளும் நின்னு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போறா. இத்தனை வருசம் அவள யாரும் பாராட்டுனதில்லலா!

ஆச்சியே அப்பிடி ஏமாத்தினா பேத்தி சும்மா இருப்பாளா? ‘இடது கைய தோளுக்கு மேல தூக்குனா கோயில் மணி அடிக்கும்’னு வச்சிருக்கீரு. அவ என்ன பண்ணுதான்னு பக்கவாட்டுல நின்னு பாரும். கை ஒரு சாண்தான் எழும்புது. மிச்சத்தை ஒடம்ப வலது பக்கமா வளைச்சுச் சரிக்கட்டுதா. தோள் காதுக்கு ஏறுது, கையும் ஏறுன கணக்காயிருது, மணி அடிக்கி. அதுக்கு முந்தி போட்டீரே ஒரு விளையாட்டு, அதுல தலைய ஆட்டியே அத்தனை பலூனையும் ஒடச்சா. போன் சொல்லுது நூத்துக்கு நூறு. நீரு அதைப் படம் பிடிச்சு ஸ்டேட்டஸ் போட்டீரு, கொழுந்தியா இதயம் போட்டா. எனக்குப் பெருமைதான், பிள்ளைக்கு மூளை நல்லா ஓடுது. ஆனா கைக்கு என்ன கெடச்சுது? தினமும் ஒடம்ப வளைச்சு வளைச்சுப் பழகுனா அதுவே வழக்கமாயிரும், பெறகு நிமித்த முடியாது.

அதனால ஏமாத்துதான்னு அவள வையாதீரும். எதை வச்சு ஏமாத்துதான்னு பாரும். ஒடம்ப வளைச்சான்னா மணியோட உயரம் அவளுக்குக் கூடிப்போச்சுன்னு அர்த்தம். இறக்கி வையும். முதுகு சாஞ்சிருக்க ஒரு நாற்காலி போடும், பாதம் ரெண்டும் தரையில பதியட்டும். தொங்குனா கீழ பலகை வையும். சவுண்ட்பீம் சங்கதிய மனசுல வைக்கச் சொன்னேனே, அது இங்கனதான் வருது. பிள்ளைக்கு எவ்வளவு அசைவு இருக்கோ அந்த அளவுக்குள்ள சத்தம் இருக்கணும். அது சுளுவாயிட்டா ஒரு விரக்கடை ஏத்தும். விளையாட்டை இறக்கும்போது ‘உயரத்தை மாத்த முடியுமா, வேகத்தைக் குறைக்க முடியுமா, ஒரு கைய மட்டும் பாக்கச் சொல்ல முடியுமா’ன்னு கேளும். மாத்த முடியலைன்னா எத்தனை நட்சத்திரம் வாங்கியிருந்தாலும் வேண்டாம்.

போனே தொடாம ஒண்ணு சொல்லுதேன், செலவில்லாதது. பேத்திக்குக் கை தூக்குறத விட பெரிய கஷ்டம் உள்ளங்கைய மேல திருப்புறது. எப்பமும் கவுந்தே கெடக்கும்லா? ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர்ல கால் பங்கு புளியங்கொட்டை போடும். எதிர்ல தாம்பாளத்தைக் கவுத்தி வையும், கவுத்துனாத்தான் சத்தம் கூட. டம்ளரை இடது கையில பிடிக்கச் சொல்லும். பிடி நிக்கலைன்னா நீரு மேல விரல் வச்சுக் கொஞ்சம் தாங்கும். மணிக்கட்டு திரும்பத் திரும்ப முதல்ல ஒரு கொட்டை ‘டக்’, பெறகு ரெண்டு ‘டக் டக்’, முழுசும் திரும்பினா ‘சளசளசள’ன்னு மழை. எவ்வளவு திருப்புனாளோ அவ்வளவு சத்தம், ஒரு நொடி பிந்தாது, சார்ஜும் போட வேண்டாம். இதுலயும் ஏமாத்துவா, முழங்கைய வெளிய தூக்கிக் கொட்டுவா. அதுக்குத் தெரபி பிள்ள ஒரு வழி வச்சிருக்கு. சின்னத் துண்டை மடிச்சு முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவுல சொருகி விடுது. துண்டு விழுந்தா ஆட்டம் ஆச்சிக்கு. அவளுக்குத் தோக்கப் பிடிக்காது, துண்ட இடுக்கிக்கிட்டுத் திருப்புதா பாருமே! கொட்டையப் பொறுக்கதும் இடது கைதான். வீட்டுல சின்னக் குழந்தைக வந்தா மட்டும் எடுத்து வச்சிரும், மூக்குல போட்டுக்கிட்டு வரும்.

சத்தத்துலயும் சத்தம் இருக்கு. தப்புப் பண்ணுனா ‘டொய்ங்’குன்னு அழுத சத்தம் வச்சிருக்கானே, அதை முதல்ல நிப்பாட்டும். இந்தப் பிள்ளைக சிலதுக்குத் திடீர்னு பெருஞ்சத்தம் கேட்டா ஒடம்பே தூக்கிவாரிப் போடும், கை கால் விறைச்சுக்கிடும். பெறகு எதைத் தூக்க? மெதுவா ஆரம்பிச்சுக் கூட்டும். தப்புக்குச் சத்தமே இல்லாம இருக்கட்டும், சும்மா இருக்கதே போதும். எல்லாத்துக்கும் முந்தி காது நல்லாக் கேக்குதான்னு பாத்தீரா? மூளையில அடிபட்ட பிள்ளைகளுக்குக் காதும் மந்தமா இருக்கது உண்டு, கேக்காத மணிக்கு அவ எதுக்குக் கை தூக்கணும்? வலிப்பு வந்திருந்தா பளிச் பளிச்னு மின்னுத திரைய டாக்டரைக் கேக்காமப் போடாதீரும். அப்புறம் ஒண்ணு, எதுக்கெடுத்தாலும் ‘சூப்பர், சூப்பர்’னு கத்துத விளையாட்டு. சும்மா இருந்தாலும் சூப்பருங்குது. பிள்ளைக ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சிரும், பெறகு அது சொல்லுறது அதுக காதுல ஏறாது. உம்ம ஆபீஸ்லயும் அப்பிடித்தானாம்லா, கேள்விப்பட்டேன்.

மார்க் எழுதி ஒட்டியிருக்கீரே சொவத்துல, அதையும் கிழிச்சிரும். நேத்து நாப்பது, இன்னைக்கு முப்பத்தஞ்சு, ஏன் குறைஞ்சுதுன்னு பிள்ளைய நிறுத்தி வச்சு விசாரணை! காச்சல் வந்து எழுந்த பிள்ள. நேரமும் அப்பிடித்தான். ஞாயித்துக்கிழமை முழுக்க ஆட வச்சிட்டு ஆறு நாள் விட்டா ஒண்ணுக்கும் ஆகாது. தினம் ஒரு பத்து நிமிசம், கால் மணி. சாப்பாட்டுக்கு முந்தி, சீரியலுக்கு முந்தி. சீரியல் வந்துட்டா டிவிய எந்தங்கச்சிகிட்ட இருந்து போலீஸ் வந்தாலும் வாங்க முடியாது.

சத்தம் பழகிப்போச்சுன்னா பிள்ளைக்குச் சலிச்சிரும், அப்பம் என்ன செய்வீரு? புது விளையாட்டு வாங்குவீரு. வேண்டாம். தவில்ல ஒரு சூட்சுமம் உண்டு. ‘ததிங்கிணதோம்’னு அஞ்சு சொல்லு. நான் ‘ததிங்கிண’ன்னு அடிச்சிட்டு நிப்பாட்டுனேன்னு வையும், கூட்டத்துல ஒருத்தனுக்கும் மூச்சு விட முடியாது, ‘தோம்’ விழணும். அதையே பேத்திக்கு வையும். ஒரு தூக்குக்கு ‘த’, அடுத்ததுக்கு ‘தி’, அப்பிடியே போவட்டும். நாலு தூக்கி அஞ்சாவதை விட்டுட்டு எந்திரிக்க அவளால ஆவாது பாரும். குரல் நான் கொடுக்கேன், காசு வேண்டாம். ஒரு நாள் ஆச்சி குரல், ஒரு நாள் நம்ம ஆட்டுக்குட்டி கத்துத சத்தம், எதுன்னு அவளே சொல்லட்டும். உமக்கு அந்தக் கம்ப்யூட்டர் எழுத்து தெரியும்லா, அங்கன கம்பெனிக்கு எழுதுறதுல ஒரு ராத்திரி இதுக்கு எழுதும். பிபிசி 2016-ல பிரிட்டன் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குன்னு மைக்ரோபிட்டுன்னு ஒரு சின்னப் பலகை கொடுத்துது. சாச்சா அதுக்குத் தெரியும். 2020-ல வந்ததுல ஸ்பீக்கரும் அதுலயே இருக்கு. மணிக்கட்டுல பட்டை போட்டுக் கட்டுனா கைதான் கருவி. கேமராவும் வேண்டாம், ஆச்சி எங்க வேணும்னாலும் நடக்கலாம்.

தெரபி பிள்ளைய நிப்பாட்டிரலாம், அதான் மிசின் வந்தாச்சேன்னு எம்மருமக கிட்டக் கணக்குப் போட்டீராமே? அதைக் கேட்டுத்தான் எனக்கு வயித்தெரிச்சல். மிசின் எண்ணும், அடிக்கும். தசை இறுகிப் போச்சா, மூட்டு எவ்வளவு திரும்புது, காலுக்குப் போட்ட ஸ்பிளின்ட் சின்னதாயிட்டா, இதெல்லாம் தொட்டுப் பாக்கக் கை வேணும். வட்டார வள மையத்துல இருந்து வருத பிள்ளகிட்ட, ‘அம்மா, எந்த அசைவுக்கு மணி வைக்கட்டும்’னு கேளும். 2021-ல இருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துலயும் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி பாக்குதாவ. நமக்கு ஆய்க்குடி எத்தனை தூரம்? கழுத்துக்குக் கீழ அசைவில்லாத ராமகிருஷ்ணன் 1981-ல தொடங்குன அமர் சேவா சங்கம் அங்கன இருக்கு. சின்னப் பிள்ளைகள வீட்டுல போய்ப் பாக்க ஆளு வச்சு, டேப்லட்ல எழுதி, பெரிய தெரபிஸ்டுக பாத்து வழி சொல்லுத ஏற்பாடே அவுககிட்ட இருக்கு. குத்தாலத்துக்குக் குளிக்கப் போகையில வண்டிய அந்தப் பக்கம் ஒருக்க திருப்பும்.

நாளைக்கு சாயங்காலம் நானே வாரேன், துண்டும் டம்ளரும் எடுத்துக்கிட்டு. நீரு பழம் வெட்டணும்னா பேத்தி தூங்குன பெறகு வெட்டிக்கிடும், சத்தத்தைக் குறைச்சு வச்சுக்கிட்டு. அந்தக் கம்பியில்லா ஸ்பீக்கர் இனிமே உமக்கு ஆவாதுல்லா? அதைச் சும்மா போட்டு வைக்க வேண்டாம், எங்கிட்டக் கொடுத்துரும். கோயில் கொடை வருது, மைக்குச் செட்டுக்காரன் ரொம்பக் கூலி கேக்கான்.